மத்தியானம் வரை சூப்பர்வைசர்

வேலை விடும் நேரம். நெருப்பெரிச்சல் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேறு வேறு பனியன் கம்பெனி, ஒரே தெரு என்று பேச்சில் தெரிந்தது. இளையவள் டெய்லர். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் நான் சூப்பர்வைசருங்க அக்கா."

"அரை நாள் உத்தியோகமா? என்ன கண்ணு சொல்ற?"

"வெளிநாட்டுல இருந்து நம்ம பனியனை வாங்கற பையர் வந்தாங்க. பொம்பளை சூப்பர்வைசர் இருக்காங்களான்னு பாப்பாங்களாம். எங்க கம்பெனியில ஒருத்தருமே இல்லீங்களே. அதனால மேனேஜர் சூப்பர்வைசர் போடற மஞ்சக் கோட்டைக் குடுத்து என்னையப் போட்டுக்கச் சொன்னாருங்க."

"அடுத்த புரமோஷன் உனக்குத்தான்னு நாலு வருசமாச் சொல்றாரே, அவரா?"

"அவரேதானுங்க. எத்தனை வருசமா சூப்பர்வைசரா இருக்கீங்கன்னு அந்த வெள்ளைக்காரம்மா கேட்டாங்க. நாலு வருசம்னுட்டேன்."

பெரியவள் சிரித்தாள். இவளும் கொஞ்சம் சிரித்தாள்.

"கோட்டு பத்துச்சா?"

"அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருந்துச்சுங்க. அவங்க காரு கேட்டைத் தாண்டுனதும் கழட்டிக் குடுக்கச் சொல்லிட்டாங்க. நேரா மெஷின்ல போய் உக்காந்துட்டேன்."

"மூஞ்சியில வீசிட்டு வந்திருக்கோணும் நீயி."

அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்று கிளம்பியது.

"ஒரு பட்டன் தொங்கிட்டு இருந்துச்சுங்க அக்கா. அதைத் தெச்சு, மடிச்சுத்தான் குடுத்தேன்."