வெளி விளிம்பு

பனிச்சறுக்குக் காலணியின் கத்திகளைத் தீட்ட பெர்ம் நகரில் ஒரு நல்ல ஆள் இருக்கிறார். காலையிலேயே குடித்துவிடுவார், ஆனால் கை நடுங்காது. நேற்று அவரைத்தான் விசாரணைக்கு அழைத்துவந்து இந்தக் காவல் நிலையத்தில் உட்காரவைத்திருந்தீர்கள். அவரை அனுப்பிவிடுங்கள்.

நான் ராதிக்கோடு பதினோரு வருடம் பனியில் ஜோடி நடனம் ஆடினேன். தூக்கும்போது இரண்டு முறை என்னைக் கீழே போட்டிருக்கிறான். முதல் முறை விலா எலும்பு இரண்டு முறிந்தது. அடுத்த முறை அவன் கத்தி என் முழங்காலைப் பிளந்தது. தையல் பிரிக்கும் முன்பே வேறொரு பெண்ணோடு ஒத்திகைக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஆட்டத்தில் ஜோடி இல்லாதவர் ஆட்டக்காரரே இல்லை. நான் இங்கே பயிற்சியாளர் ஆனேன், அவன் பின்னாளில் மாஸ்கோவில்.

மிலானா ஆறு வயதில் என்னிடம் வந்தாள். முதுகு வளைந்தால் கத்தியுறையால் கெண்டைக்காலில் ஒன்று வைப்பேன். அழுதால் இன்னொன்று. பத்தொன்பது வயதில் அவளும் அவள் ஜோடி க்ளெப்பும் ஆடினால் நான்கு கத்திகளும் ஒரே கத்தியைப் போலக் கேட்கும்.

போன மாதம் அவளே என்னிடம் வந்து சொன்னாள்.

"நெல்லி ஆர்கதியெவ்னா, ராதிக் செர்கேயெவிச் என்னை மாஸ்கோவுக்குக் கூப்பிடுறார். அங்க வேற பையன் இருக்கானாம்."

க்ளெப்புக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம்.

"பின்ன என்ன, உங்களை மாதிரி இங்கயே கெடந்து கிழவியாகணுமா?" என்று சிரித்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. யோசித்தேன். அவளுக்குச் சின்னதாக ஓர் அடி பட்டால் இந்தப் போட்டிப் பருவம் போய்விடும். ராதிக் காத்திருக்க மாட்டான். அவள் இங்கேயே இருப்பாள், க்ளெப்பும் பிழைத்துக்கொள்வான்.

ஒரு கத்திக்கு இரண்டு விளிம்புகள், நடுவில் பள்ளம். வளைந்து போகும்போது ஒரு விளிம்புதான் எங்களைத் தாங்கும். ராதிக் அவளைப் பார்க்க வந்த அன்று, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு மிலானாவும் க்ளெப்பும் காலணி நாடாவை இறுக்கப் பனித்தளத்தை விட்டு வெளியே வந்தார்கள். அப்போது மண்டியிட்டுக் கத்தியைத் துடைத்துவிடுவது என் வழக்கம். அன்று துணிக்குள் விளிம்பை மழுக்கும் கல் இருந்தது.

"உங்க முட்டி வலிக்கும், குடுங்க, நான் தொடச்சுக்கறேன்" என்றான் க்ளெப். நல்ல பையன். அவன் இடது கத்தியின் வெளி விளிம்பில் நான்கு முறை இழுத்தேன்.

தூக்கலில் அவளைத் தொடைமேல் தலைகீழாகத் தாங்கிக்கொண்டு அவன் அந்த விளிம்பில்தான் வளைவான். விளிம்பு பனியைப் பிடிக்கவில்லை. முதலில் அவள் தலை மோதிய சத்தம் கேட்டது. அவள்மேல் விழுந்தவனின் வலது கத்தி அவள் கழுத்தில் ஏறி நின்றது. சூடான ரத்தம் பனிக்குள் இறங்கிவிடும். மாலைவரை சுரண்டினார்கள். க்ளெப் இன்னும் யாரிடமும் பேசுவதில்லை என்கிறார்கள்.

அவளைத் தூக்காமல் பக்கத்தில் ஆடும் காலடி வரிசையில் அவன் சறுக்கியிருந்தால் அவளுக்குக் கணுக்கால் பிசகியிருக்கும், அவ்வளவுதான். நான் நினைத்தது அதுதான் என்று இன்று காலை உங்களுக்கு எழுதிக்கொடுத்தேன்.

ஆனால் அன்று நான் துணியை மடித்துக்கொண்டு எழுந்ததும், ஆட்டத்தை எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ராதிக் என்னிடம்தான் கேட்டான்.

"தூக்கலைப் பாரு மொதல்ல" என்றேன். அதில்தான் அவள் மிக அழகாக இருப்பாள். அவளுக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் சொன்னேன்.