தெருவே ஆடின ஹாக்கி

கொஞ்சம் இருங்க... பெத்தவங்களுக்குப் புத்திமதி சொல்ற பேச்சை இத்தோட நிறுத்திக்கிறேன். உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது! அதுக்குப் பதிலா ஒரு பொண்ணு கதை சொல்றேன். சின்னக் கதைதான்... கேப்பீங்களா?

கோவில்பட்டின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கடலைமிட்டாய்! அங்க இன்னொண்ணும் பிரமாதம்... ஹாக்கி. அந்த ஊர்ல மாரீஸ்வரின்னு ஒரு பொண்ணு. ஏழாம் வகுப்பு. ஸ்கூல் டீம்ல கோல்கீப்பர். அப்பா சீனிராஜ் லோடு ஆட்டோ ஓட்றாரு. அம்மா பொன்ராணி தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை.

ஒரு மேட்ச். வர்ற பந்தெல்லாம் கோல்! கடைசிப் பந்து இருக்கே... மெதுவா உருண்டு வருது... ரெண்டு காலுக்கும் நடுவுல புகுந்து போயிருச்சு. கிரவுண்டே சிரிக்குது. சிரிச்சதோட விட்டாங்களா? எவனோ அதை வீடியோ எடுத்து வாட்ஸப்புல சுத்த விட்டுட்டான்.

பொண்ணு வீட்டுக்கு வந்தா. காலுக்குக் கட்டுற பேடைக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில வீசுனா. "இனிமே விளையாட மாட்டேன். ஸ்கூலுக்கும் போக மாட்டேன்." சாப்பாடு கிடையாது, பேச்சு கிடையாது. தெருவுல யாராவது சிரிச்சாக்கூடத் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்கன்னு உள்ள ஓடிருவா.

அப்பாவுக்கு மனசு கேட்குமா? "விடும்மா... உன்னை அழவிட்ட விளையாட்டு நமக்கு எதுக்கு? நாளைக்கே டிசி வாங்கி வேற ஸ்கூல்ல சேர்த்துடுறேன்."

பாசம்தாங்க. நாம யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். ஆனா பொன்ராணி என்ன கேட்டா தெரியுமா?

"ஏங்க... வேற ஸ்கூல்ல பந்து காலுக்கு நடுவுல போகாதா?"

மகள்ட்ட திரும்பினா. "ஏட்டி, உனக்குப் பிடிக்கலைன்னா விட்டுரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா பயந்துக்கிட்டு விடாத. ஞாயித்துக்கிழமை நம்ம தெருவுல நில்லு. நான் அடிக்கேன், நீ பிடி. அப்புறம் உன் இஷ்டம்."

ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பிளாஸ்டிக் சேர் போட்டாச்சு... அதான் கோல். நடுவுல மாரீஸ்வரி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறா. பொன்ராணி சேலையைத் தூக்கிச் செருகுனா, மட்டையை எடுத்தா, ஓங்கி... ஒரே அடி! பந்து இருந்த இடத்துலயே இருக்கு. கால்ல கிடந்த செருப்புதான் பறந்து போய் கோல்ல விழுந்துச்சு!

பொண்ணு முகத்துல லேசா ஒரு சிரிப்பு...

எதிர்ல இட்லிக்கடை பால்த்தாய். அவங்களுக்கு இருப்புக் கொள்ளுமா? "தள்ளு பொன்ராணி, உனக்கு அடிக்கத் தெரியலை!" மாவுக் கையைத் துடைச்சுக்கிட்டு வந்து தெருமுக்குல இருந்து விளாசினாங்க பாருங்க... கோல்! பால்த்தாய்க்கே நம்ப முடியலை. கையைத் தூக்கிக்கிட்டு ஆட ஆரம்பிச்சுட்டாங்க.

மாரீஸ்வரிக்கு வந்துச்சே கோவம்! "அக்கா, செல்லாது! டி-க்கு வெளிய இருந்து அடிச்சா கோல் கிடையாது!"

"ஏ பிள்ளே, டி-யா? டீயா? எங்க இருக்கு?"

"இந்தா இருக்கு!" சாக்பீஸ் எடுத்துட்டு வந்து சேருக்கு முன்னாடி அரைவட்டமா வளைச்சுக் கோடு போடுறா... அதான் டி. யாரு? விளையாடவே மாட்டேன்னு சொன்ன பொண்ணு!

அப்புறம் என்ன... டெய்லர் காஜா பாய் வந்தாரு, மாடி வீட்டு டீச்சர் இறங்கி வந்தாங்க. ஆளுக்கொரு அடி. அவ பாய்ஞ்சு பாய்ஞ்சு தடுக்கிறா. அப்பா மட்டும் ஓரமா ஆட்டோவுல சாய்ஞ்சு நிக்கிறாரு.

"அப்பா, நீங்க வாங்க!"

வந்தாரு. பொண்ணுக்கு வலிக்கக் கூடாதேன்னு பந்தைப் பூ மாதிரி தள்ளிவிட்டாரு. அவ பாயவே இல்லை. காலால நிறுத்திட்டுச் சொன்னா... "நல்லா அடிங்கப்பா. மெதுவா அடிச்சா நான் எப்படிப் பிடிக்கப் படிப்பேன்?"

அந்த மனுஷன் கண்ணு கலங்கிருச்சு. கலங்கின கண்ணோட ஓங்கி அடிச்சாரு. அவ பாய்ஞ்சா... பந்து தாண்டிப் போயிருச்சு, பொண்ணு தரையில! முழங்கையில சிராய்ப்பு. அப்பா ஓடப் போறாரு... பொன்ராணி அவர் கையைப் பிடிச்சா. "நில்லுங்க. அவளே எந்திரிப்பா."



எந்திரிச்சா. கையை ஊதிக்கிட்டா. "இன்னொண்ணு அடிங்கப்பா!"

மறுநாள் ஸ்கூலுக்குப் போனாளான்னு நான் சொல்லணுமா?

அடுத்த மேட்ச்சுக்கு அந்தத் தெரு மொத்தமும் லோடு ஆட்டோவுல ஏறிப் போச்சு. எடுத்த எடுப்புல ஒரு கோல் விழுந்துச்சு. மாரீஸ்வரி பந்தை எடுத்து நடுவுக்குத் தள்ளிவிட்டா, திரும்ப வந்து குனிஞ்சு நின்னா. அதுக்கப்புறம் ஒண்ணைக்கூட உள்ள விடலையே!

ஜெயிச்சாங்களான்னுதானே கேட்குறீங்க? இல்லை. அந்த ஒரு கோல்ல தோத்துட்டாங்க! ஆனா வீடு வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு வாய் ஓயலை. "எக்கா, அந்த ரெண்டாவது பந்தைப் பார்த்தீங்களா? பாய்ஞ்சேன்ல?"

அன்பானவங்களே... நம்ம பிள்ளைங்க தோக்கவே கூடாதுன்னு நாம நினைக்கிறோம். அது நம்ம கையில இருக்கா? விழுற பிள்ளை எந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துல நிக்கிறது... அது நம்ம கையில இருக்கு. அதையும் அப்பா அம்மா ரெண்டே பேரு செஞ்சு முடிக்க முடியாதுங்க. சிரிக்க வைக்க ஒருத்தர் வேணும், வம்புக்கு இழுக்க ஒருத்தர் வேணும், "நான் பார்த்தேன், நல்லா ஆடுனே"ன்னு சொல்ல ஒருத்தர் வேணும். அந்தப் பொண்ணுக்கு ஒரு தெருவே இருந்துச்சு.

உங்க பக்கத்து வீட்டுப் பிள்ளை பேரு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா... பரவாயில்லை. இன்னைக்குப் போறப்ப கேட்டுட்டுப் போங்க. என்னைக்காவது ஒரு நாள் அந்தப் பிள்ளை, வாசல்ல முகம் வாடி உட்கார்ந்திருக்கும்... அப்ப பேரு சொல்லிக் கூப்பிட நீங்க இருக்கணும்!