நகக்கண்

ரயில் பெட்டிக்குள் பாதாம் எண்ணெய் வாசம் எழுந்தது. முதன்முதலாக வேலை கேட்டுப் போன காலையில் என் தலைமுடிக்கும் இதே வாசம்தான். சுனாபட்டியில் ஏறிய இரண்டு பெண்கள் எதிர் சீட்டில் சரிந்து உட்கார்ந்தார்கள். காலை ஏழுதான் ஆகியிருந்தது. இருவர் முகத்திலும் அதற்குள் சாயங்காலம் வந்திருந்தது.

"ஏட்டி, கண்ணுக்கு எண்ணெய் விட்டியா?" என்றாள் மூத்தவள்.

"நகக்கண்ணுன்னு முழுசாச் சொல்லுங்க மைனி. அண்ணன் கண்ணு மருந்துன்னு நெனச்சு, சொட்டு விடப் போனது மறந்துட்டா?"

"அந்த மனுசன் எதைத்தான் படிச்சுப் பாத்தாரு. கையக் காட்டு."

இளையவள் பத்து விரலையும் விரித்தாள். நகத்தோரத்து வெடிப்பெல்லாம் மூடி, தோல் மினுங்கியது.

"பார்லர் மேடம் இன்னைக்குக் கையப் பாத்துட்டுத்தான் வேலைக்குச் சேப்பாவளாம். 'பாத்திரம் தேய்க்கிற கையில எந்தக் கஸ்டமர் தன் கையக் குடுப்பா'ன்னு போன வாரம் கேட்டாவல்லா."

"அதுக்குத்தானே ஒரு வாரமா உன் மான்குர்த் வீடு நாலுலயும் நான் பாத்திரம் தேய்க்கேன். பரவால்ல, தேறிட்டு."

"உங்க கையக் காட்டுங்க மைனி."

மைனி இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "என் கைக்கு என்ன? பரீட்சை உனக்குல்லா."

செம்பூர் வந்தது. இளையவள் இறங்காமல் எண்ணெய்க் குப்பியைத் திறந்து மைனியின் கைப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள். மைனி அவளை வாசல் பக்கம் தள்ளினாள்.

"சல், எறங்கு. சேத்துக்கிட்டாவன்னா மொதக் கிராக்கி நாந்தான். எங்கிட்ட காசு கேட்டே, வெரல ஒடிச்சிருவேன்."