பதினாலு லட்சம் விடை

...பதினாலு லட்சம் விடை இருக்காம்மா. ஃபோன் சொல்லுது. பதினாலு லட்சத்தையும் நான் எப்பப் படிச்சு முடிக்கிறது, நீங்க எப்ப அந்த லிஃப்ட்லேர்ந்து எறங்கறது? நானும் மரியாதையாத்தான் கேட்டேன். "மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும்?" கேள்விக்குறியெல்லாம் போட்டு. முதல் நாலு விடை புது லிஃப்ட் விக்கிறவன். அஞ்சாவது, லிஃப்ட் பாதியில நிக்கிற மாதிரி கனவு கண்டா என்ன பலன்னு. பதவி உயர்வாம். இன்டர்வியூவுக்குப் போறவங்களுக்கு நல்ல சகுனம்தான். ஆனா நீங்க முழிச்சிட்டு இருக்கீங்களே, அது செல்லுமான்னு தெரியல.

பயப்படாதீங்க. நான் எங்கயும் போகல. நாலாவது மாடி லிஃப்ட் கதவுகிட்டத்தான் ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கேன். இந்த இடுக்கு வழியா உங்க தலைக்கு மேல இருக்கற கம்பி வலை நல்லாத் தெரியுது. மெக்கானிக்குக்கு ஃபோன் பண்ணியாச்சு, பதினோரு மணிக்குத்தான் வருவானாம். நீங்க பத்தரைக்கு இன்டர்வியூவுல இருக்கணும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் பேரை அடிச்சிருவாங்கங்கறீங்க. நடந்தா பத்து நிமிஷம்னீங்க இல்ல? இப்ப மணி ஒம்போது அம்பது. அப்ப நமக்கு முழுசா அரை மணி இருக்கு. தாராளம்.

என்ன? கதவா? ஆமாமா, பழைய கதவு. எங்க மாடியில மட்டும் நாதாங்கி தேஞ்சு போயி, லிஃப்ட் இல்லாதப்பக்கூட இழுத்தா வந்துரும். அது வந்ததாலதான் உங்களோட பேசவாவது முடியுது. இல்லேன்னா தனியா நின்னு சுவத்தப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. இதப் பத்தி குடியிருப்போர் சங்கத்துக்கு நாலு கடிதம் எழுதினேம்மா. கடைசிக் கடிதம் பதினோரு பக்கம், அடிக்குறிப்போட. செயலாளர் அதை மடிச்சு, அவர் வீட்டு ஆடற மேஜைக்கு முட்டுக் குடுத்திருக்காரு. என் கண்ணால பாத்தேன். பத்தாம் பக்கம் வெளியில தெரிஞ்சுது. மேஜை ஆடல, அத ஒத்துக்கறேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். தப்பு என் மேலதான். எதுல? தேடின விதத்துல. கேள்வியக் கேள்வியாவே போடக் கூடாது. முதல் வகுப்புலயே சொன்னாங்க. ஆமா, வகுப்புக்குப் போனேன். நூலகத்துல நடத்தினாங்க, தகவல் தேடறது எப்படின்னு. ஆறு சனிக்கிழமை. ஏழு பேரு. நான்தான் மூத்தவன். அதுல ஒருத்தரு மூணு வாரம் வந்தப்பறம்தான் இது தொலைஞ்ச பொருள் தேடித் தர்ற எடம் இல்லைன்னு கண்டுபிடிச்சாரு. பாவம், குடை ஒண்ண விட்டுட்டுப் போயிருந்தாரு.

இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு வகுப்புன்னு கேக்கறீங்களா... கேக்கலியா? சரி, கேக்காட்டியும் சொல்றேன். எல்லாம் என் மச்சானால வந்தது. வீட்டுக்காரியோட அண்ணன். சாப்பிடறப்ப பேச்சு வாக்குல, ஒட்டகம் திமில்ல தண்ணிய ரொப்பி வெச்சுக்குதுன்னாரு. நான் முப்பத்தோரு வருஷம் சட்டப் புத்தக அச்சகத்துல ப்ரூஃப் பாத்தவன். காற்புள்ளி ஒண்ணு எடம் மாறினா ஒருத்தன் கம்பி எண்ணப் போயிருவான், அந்த மாதிரி வேலை. எனக்குப் பொறுக்குமா? தண்ணி இல்ல, கொழுப்புன்னேன். யாருக்குன்னு ஒரு மாதிரி பாத்தாரு. உடனே ஃபோன எடுத்துத் தேடினேன். என்னன்னு போட்டேன் தெரியுமா? "ஒட்டகத் திமிலில் தண்ணீர்." வந்துச்சு பாருங்க, தண்ணி தண்ணியா. சின்னப் பிள்ளைங்க படம், கட்டுரைப் போட்டி, திமிலுக்குள்ள கொழாய் வெச்சு ஒரு கார்ட்டூன். மச்சான் ரசத்தக் கொண்டாங்கற மாதிரி கைய மட்டும் நீட்டினாரு.

என் வீட்டுக்காரி அன்னிக்குச் சொன்னா, "நீங்க தெரிஞ்சுக்கறதுக்குத் தேடல, ஜெயிக்கறதுக்குத் தேடறீங்க"ன்னு. நாப்பது வருஷத்துல அவ சொன்னதுல சுருக்கமானது இதுதான். அதான் ரொம்ப உறுத்திடுச்சு.

வகுப்புல இதச் சொன்னப்ப டீச்சர் சிரிச்சாங்க. சின்னப் பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும். விடையக் கேள்விக்குள்ள வெச்சுத் தேடினா அந்த விடைதான் வரும் சார்னாங்க. கண்ணாடியப் பாத்து நான் அழகான்னு கேக்கற மாதிரியாம். விடை தெரிஞ்சவன் அதை எப்படி எழுதியிருப்பான்னு யோசிச்சு, அவன் வார்த்தையில தேடணுமாம். எப்பேர்ப்பட்ட வாக்கியம். அவங்க குடுத்த தாள்ல பதினேழு பிழை இருந்தது, அது வேற. திருத்திக் குடுத்தேன். ரெண்டாவது வாரத்துலேர்ந்து எனக்கு மட்டும் தாள் குடுக்கறத நிறுத்திட்டாங்க.

இருங்க இருங்க, செஞ்சுட்டேதான் பேசறேன். இப்ப பாருங்க. "லிஃப்ட் நடுவில் நிற்றல்", ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி. அப்பதான் அந்தச் சொல்லு அதே வரிசையில இருக்கற பக்கம் மட்டும் வரும். அப்பறம் கழித்தல் குறி போட்டு 'விற்பனை'. இன்னொரு கழித்தல், 'கனவு'. கனவு காணறவன் எல்லாரையும் ஒரே கோட்டுல வெளிய தள்ளியாச்சு. இந்த வசதி மட்டும் வீட்டுக்கு வர்றவங்க விஷயத்துல இருந்தா... இதோ, எழுநூத்துச் சொச்சம். பதினாலு லட்சம் எங்க, எழுநூறு எங்க.

மூடுங்கறீங்களா, எதை? ஓ, குளிருதா? உள்ள மின்விசிறி ஓடுதில்ல, அதுவா இருக்கும். பெருமூச்சு விடாதீங்கம்மா, இந்த மாதிரி எடத்துல மூச்ச அளந்துதான் விடணும்.

எழுநூறுலயும் யாரு எழுதினதுன்னே போடல. யாரு, எப்ப, எதுக்கு எழுதினாங்கன்னு மூணும் தெரியாம எதையும் நம்பாதேங்கறது மூணாவது வகுப்பு. ஒருத்தன் லிஃப்ட்டுக்குள்ள குதிங்கறான். இன்னொருத்தன் குதிக்காதேங்கறான். ரெண்டு பேருக்கும் ஊரு பேரு இல்ல. அதனால நாம நூலகத்துத் தரவுத்தளத்துக்குப் போறோம். நூலக அட்டை இருந்தா வீட்டுலேர்ந்தே உள்ள போகலாம். ஆய்வுக் கட்டுரை, கையேடு, பழைய பத்திரிகை, அத்தனையும் அடுக்கி வெச்சிருக்காங்க. அட்டை எண் பதினாறு இலக்கம். எனக்கு மனப்பாடம். எங்க கல்யாண நாளு மனப்பாடம் இல்லைங்கறது வேற வழக்கு, அது இன்னும் நிலுவையில இருக்கு.

உள்ள வந்தாச்சு. "லிஃப்ட்". ஒண்ணும் இல்லியாம். பாத்தீங்களா, இங்கதான் எல்லாரும் கைய விரிச்சிட்டு வெளிய வந்துருவாங்க. நான் வரமாட்டேன். இங்க ஒவ்வொரு பொருளுக்கும் தலைப்புச் சொல்லுன்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க, பட்டியல் போட்டவங்க முடிவு பண்ணினது. நீங்களும் நானும் தெருவுல என்ன சொல்றோம்ங்கறதப் பத்தி அவங்களுக்குக் கவலை இல்ல. "மின்தூக்கி"ன்னு போடணும். இதோ. இருநூத்துப் பன்னெண்டு.

முதல் கட்டுரை... ஆகா. மின்தூக்கியில கண்ணாடி மாட்டினா காத்திருக்கறவங்க கோவம் கொறையுதான்னு ஆராய்ச்சி. முந்நூத்துப் பன்னெண்டு பக்கம். உள்ள கண்ணாடி இருக்காம்மா? இல்லியா. அதான் உங்க கொரல் அப்படி இருக்கு.

மணி பத்தா? இங்க பத்து ரெண்டு. ஒரு சந்தேகம், எங்கம்மா இன்டர்வியூ? நீங்க சொல்லவே இல்லியே.

நூலகத்துலயா? நம்ம நூலகத்துலயா? என்ன வேலைக்கு?

...தகவல் தேடிக் குடுக்கற வேலைக்கா.

அப்ப இந்த மேற்கோள் குறி, கழித்தல் குறி, தலைப்புச் சொல்லு, இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே... படிச்சுப் பட்டமே வாங்கியிருக்கீங்களா. பரவால்ல. கேட்டதையே திருப்பிக் கேட்டா இன்டர்வியூவுக்கு ஒத்திகை மாதிரி ஆச்சு.

ஆனா ஆறாவது வகுப்பு பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சொல்லுங்க. அன்னிக்கு நான் போகல. அஞ்சாவது வாரம் ஒரு அரைப்புள்ளி விஷயத்துல கொஞ்சம் மனஸ்தாபம் ஆயிருச்சு. வழக்கமா கடைசியா என்ன சொல்லிக் குடுப்பாங்க?

...தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, பக்கத்துல தெரிஞ்சவங்க யாராவது இருந்தா அவங்களக் கேளுன்னா? அவ்வளவுதானா? அதுக்கு ஒரு சனிக்கிழமையா? நல்லவேளை போகல.

சரி, நேரம் ஆகுது, குறுக்க பேசாதீங்க. ஒரு உதவி பண்ணுங்க. பொத்தான்களுக்குக் கீழ ஒரு தகடு இருக்கும், அதுல மாடல் எண் போட்டிருக்கும். பொதுவாத் தேடறவன் பொதுவாவே சாவான், குறிப்பாத் தேடணும். படிங்க. ஏழு... நாலு... ஒம்போது, கோடு, ரெண்டு. போதும் போதும். கீழ எழுதியிருக்கறதெல்லாம் வேணாம், எண் மட்டும்தான் கேட்டேன். கதவப் பத்தி எழுதியிருந்தா அவன் கதவு விக்கிறவனா இருப்பான்.

எண் போட்டாச்சு. ஒண்ணும் வரலியே... இல்ல, இருங்க. 'கடந்த ஐந்து ஆண்டுகள்'னு ஒரு கட்டத்துல டிக் அடிச்சிருக்கு. நான் அடிக்கல, அதுவா அடிச்சு வெச்சிருக்கு. இந்த லிஃப்ட்டுக்கு என் மக வயசு. அஞ்சு வருஷத்துக்குள்ள தேடினா எங்கேர்ந்து வரும்? டிக்க எடுத்தாச்சு. இதோ வந்துருச்சு. ஒண்ணே ஒண்ணு. பதினாலு லட்சத்துலேர்ந்து ஒண்ணு. பராமரிப்புக் கையேடு, செஞ்ச கம்பெனியே போட்டது, வருஷம் இருக்கு, பதிப்பு எண் இருக்கு, பக்க எண் இருக்கு. கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு.

பக்கம் நாப்பத்தேழு. கேளுங்க. "பெட்டி இரு மாடிகளுக்கு நடுவில் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது: எல்லா மாடிகளிலும் வெளிக்கதவு முழுமையாக மூடியிருக்கிறதா என்பது. ஏதேனும் ஒரு மாடியில் கதவு சற்றே திறந்திருந்தாலும் பெட்டி நகராது." எவ்வளவு தெளிவு. 'சற்றே'ங்கற சொல்லப் பாருங்க.

தகட்டுலயும் அதுவேதான் எழுதியிருக்கா? இருக்கலாம். ஆனா தகட்டுல பக்க எண் இல்லியே.

நான் எல்லா மாடியும் பாத்துட்டு வந்துடறேன். ரெண்டே நிமிஷம். இடுக்கு மூடிட்டா உங்களுக்குப் பயமா இருக்கும், ஸ்டூல் அப்படியே கதவுல முட்டுக் குடுத்தபடி இருக்கட்டும். கத்தாதீங்க, தொண்ட கட்டிக்கும். இன்டர்வியூ இருக்கு.

...

வந்துட்டேன். அம்மா... ஒரு நிமிஷம்... மூச்சு வாங்குது. அஞ்சாவது மூடியிருக்கு. மூணு, ரெண்டு, ஒண்ணு மூடியிருக்கு. தரையும் மூடியிருக்கு. எல்லாத்தையும் கையால அழுத்திப் பாத்தேன். கையேடு தப்புன்னுதான் நெனைக்கிறேன். இவ்வளவு நல்ல கையேடு, மனசே வரல.

என்ன? நாலாவதா? நாலாவது நம்ம மாடிதானே, அதுல நான்தான்...

...

ம்.

எவ்வளவு நேரமாம்மா இதச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க?

மொதல்லேர்ந்தேவா.

இல்ல, நானே சொல்லிடறேன். ஸ்டூல் அப்பறம் வந்தது. நீங்க மேலேர்ந்து எறங்கறப்ப இந்தக் கதவுக் கண்ணாடியில வெளிச்சம் தெரிஞ்சுது. மேல் வீட்டுக்குப் புதுசா வந்தவங்களாச்சே, கூடவே கீழ வரைக்கும் போனா நாலு வார்த்தை பேசலாமேன்னு கைப்பிடியப் பிடிச்சு இழுத்தேன். அப்பத்தான் நின்னுது. லிஃப்ட்டுக்கு ஒண்ணும் இல்ல. வகுப்பு முடிஞ்சு மூணு வாரம் ஆச்சும்மா. வீட்டுல நான் வாயத் தொறந்தா அவ மிக்ஸியப் போடறா.

மன்னிச்சுருங்க. இது ஜெயிக்கறதுக்குச் சொல்லல. மணி பத்து பதினாறு. இன்னும் போயிரலாம். நான் வேணா கடிதம் எழுதித் தரேன், தாமதத்துக்குக் காரணம்னு... வேணாம், என் கடிதம் வேணாம். இதோ ஸ்டூல எடுத்துட்டேன். மூடிட்டா நான் பேசறது உங்களுக்குக் கேக்காது. அதான் பாக்கறேன். இல்ல இல்ல, மூடறேன். மூடினதும் பொத்தான அமுக்குங்க. நல்லாப் பண்ணுங்க. மூடறேன்.

...

போகுது. கயிறு ஓடுது. சத்தம் கேக்குது. அப்பாடா.

அய்யோ, நூலகத்து முன்வாசல். ஒரு வாரமா முன்வாசல் பூட்டு, ஓடு பதிக்கறாங்க. அவங்களுக்கு அது தெரியாதே. சுத்திக்கிட்டு நிப்பாங்களே...

அம்மா, இங்க பாருங்க, கேக்குதா? முன்வாசலுக்குப் போகாதீங்க, பூட்டியிருக்கு. சைக்கிள் நிறுத்தற சந்து வழியாப் போனா நேரா ஆபீஸ் ரூம். இது எங்கயும் தேடினாக் கெடைக்காது, நான் தெனம் போறவன்...

...

நின்னுருச்சா.

கதவத் திரும்பத் தொறந்துட்டேன் இல்ல.

சரி, மூடறேன். இந்தவாட்டி நெசமா மூடறேன். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கம்மா, தயவு பண்ணி. சொன்னீங்கன்னா எனக்குப் பதில் சொல்லணும்னு தோணும்.