ஒன்பதாவது மஞ்சள் பனியன்

...தலையை நிமித்துங்கறீங்க. நிமித்தினா தாடையைக் கொஞ்சம் இறக்குங்கறீங்க. இறக்கினா இன்னொரு தாடை வந்து எட்டிப் பார்க்குது. நான் என்னத்த பண்றது தம்பி? இருக்கிற தாடையைத்தானே காட்ட முடியும், கடன் வாங்கியா காட்ட முடியும்! சரி சரி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க. வாயை மூடணும், அவ்ளோதானே? மூடிட்டேன். இந்தா... ம்...

ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் பேசவே மாட்டேன். இந்த போட்டோங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்பல்லாம் எழுந்து ஓடிடலாம்னு இருக்கு. ஒரே ஒரு போட்டோ! அதனால நான் பட்ட பாடு இருக்கே, நாய் படாத பாடு. இல்லேன்னா நான் எங்க, பாஸ்போர்ட் எங்க, உங்க ஸ்டூல் எங்க? இது வேற ஒரு பக்கமா ஆடுது, பார்த்துக்கோங்க.

நாலு மணிக்குள்ள நான் இந்தப் படத்தோட பாஸ்போர்ட் ஆபீசுல நிக்கணும் தம்பி. இன்னிக்கு விட்டா நடுவுல லீவு வருது, அப்புறம் பயணத்துக்குள்ள பாஸ்போர்ட் கைக்கு வராது. என் பாஸ்போர்ட் வரலேன்னா என் பயணம் மட்டும் இல்ல, எட்டுப் பிள்ளைங்க பயணமும் அம்பேல். ஆமா! அந்த எட்டும் வாசல்ல சூட்கேஸை வச்சுக்கிட்டு நிக்காத குறை. அதனாலதான் சொல்றேன், சீக்கிரம் எடுங்க. நானா பேசறேன்? நீங்கதான் எடுக்க மாட்டேங்கறீங்க!

எங்க ஆபீஸ் என்ன ஆபீஸ்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவாயில்ல, சொல்றேன். இங்க இருக்கிற இளவட்டங்க வெளிநாட்டுக்குப் போய்ப் பழகறது, அங்க இருக்கிறதுங்க இங்க வந்து பழகறது, அதுக்கு ரெண்டு நாடும் சேர்ந்து உதவித்தொகை குடுக்குது. அதைப் பிரிச்சுக் குடுக்க ஒரு ஆபீஸ். அந்த ஆபீஸ் ஒழுங்கா குடுக்குதா, வாங்கினவங்க ஒழுங்கா நடத்தறாங்களான்னு நாடு பூரா போய்ப் பார்க்கிறது எங்க ஆபீஸ். நாங்க ஒழுங்கா பார்க்கிறோமான்னு பார்க்க எங்களுக்கு மேல ஒருத்தர். மாமியாருக்கு ஒரு மாமியார் மாதிரின்னு வச்சுக்கோங்களேன். அவருக்கு நாங்க வச்ச பேரு பூதக்கண்ணாடி. நேர்ல சொல்லிடாதீங்க. நீங்க எங்க அவரைப் பார்க்கப் போறீங்க...

நான் போய்ப் பார்க்கிற ஆள். ஹாலுக்குள்ள போவேன், சுவரோரமா நிப்பேன், பிள்ளைங்க நிஜமாவே வந்திருக்கா, சாப்பாடு ஒழுங்கா போடறாங்களா, சொன்ன நிகழ்ச்சி நடக்குதான்னு பார்ப்பேன், வந்துடுவேன். வேலைக்குச் சேர்ந்தப்போ எங்க பழைய அதிகாரி சொன்னது இன்னும் காதுல இருக்கு. "உனக்கு ரெண்டே ரெண்டு வேலைம்மா. கண்ணைத் திறந்து வச்சுக்கோ, வாயை மூடிக்கோ." அப்பிடியே இருந்தேன் தம்பி. நம்ப மாட்டீங்க. சிரிக்காதீங்க! ஹாலுக்குள்ள நுழைஞ்சா நான் ஊமை. வெளிய வந்துதான் சேர்த்து வச்சதையெல்லாம் ஆட்டோக்காரர்கிட்ட, மருந்துக்கடைக்காரர்கிட்ட, எங்க வீட்டுக்காரர்கிட்டன்னு கொட்டுவேன். எங்க வீட்டுக்காரர் பாவம். நான் வெளிநாடு போறேன்னதும் அவர் மூஞ்சியில என்ன வெளிச்சம்ங்கறீங்க! "பத்து நாளா? பதினஞ்சா கேட்டுப் பாரேன்"ங்கறார். வரட்டும், வந்து வச்சுக்கறேன்.

இருங்க, தலைமுடி சரியா இருக்கா? அந்தச் சீப்பைக் குடுங்க. இது யாரெல்லாம் வாரின சீப்போ... சரி, வேண்டாம், கையாலேயே ஒதுக்கிக்கறேன்.

எங்க விட்டேன்? ஆங், போட்டோ. போன மாசம் ஊருக்கு வெளிய ஒரு சின்ன இளைஞர் சென்டருக்குப் போனேன். பழைய கிடங்கு ஒண்ணை வெள்ளையடிச்சு சென்டர் ஆக்கி வச்சிருக்காங்க. மழை பெஞ்சா வாளி வைக்கணும். ஆனா சென்டர் சார் இருக்காரே, தங்கமான மனுஷன். பஸ் ஏறாத பிள்ளைங்களை எல்லாம் விமானம் ஏத்தப் போறேன்னு நிக்கறார். வெளிநாட்டுலேருந்து எட்டுப் பேர் வந்திருந்தாங்க, நம்ம பிள்ளைங்க எட்டு. இது முதல் பாதி. அடுத்த மாசம் நம்ம எட்டும் அங்க போகும், அது ரெண்டாம் பாதி. நம்மளுக்கு மஞ்சள் பனியன், அவங்களுக்கு நீலம்.

நான் வழக்கம்போல சுவரோரமா நிக்கறேன். ஒரு விளையாட்டு வச்சாங்க. ஹால் பூரா நாற்காலியைக் கன்னாபின்னான்னு போட்டுட்டு, ரெண்டு ரெண்டு பேரா சேரணும். ஒருத்தர் கண்ணைக் கட்டிடுவாங்க. இன்னொருத்தர் தள்ளி நின்னு, வாயால மட்டும் வழி சொல்லி, இடிக்காம அந்தப் பக்கம் கொண்டு போகணும். கண்ணு கட்டினவங்க பேசவே கூடாது. இந்த ஊருக்கு ஒண்ணு, அந்த ஊருக்கு ஒண்ணுன்னு ஜோடி. ஆனா பாருங்க, நீலப் பனியன்ல ஒண்ணு காய்ச்சல்னு படுத்துடுச்சு. ஏழுதான் இருக்கு. நம்ம பக்கம் ஒரு பொண்ணு ஜோடி இல்லாம தனியா நிக்குது.

அந்தப் பொண்ணைப் பத்தி சென்டர் சார் முன்னாடியே சொல்லியிருந்தார். வந்த நாள்லேருந்து யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலையாம். நம்ம பிள்ளைங்ககிட்டயே பேசாதாம். தலையாட்டும், அவ்ளோதான். யாரும் கவனிக்கல, அது மெல்ல பின்னாடி நகர்ந்து நகர்ந்து என் பக்கத்துல சுவரோட சுவரா வந்து ஒட்டிக்கிச்சு. கண்ணைத் திறந்து வச்சிருக்கிறதுதானே என் வேலை? பட்டுச்சு. பார்த்துட்டு எப்பிடி சும்மா நிக்கறது, சொல்லுங்க? நானே அது கையில துணியைக் குடுத்து, "கட்டும்மா"ன்னு குனிஞ்சுட்டேன்.

தப்புதான்! விதிப்படி நான் சுவரை விட்டு நகரக் கூடாது. அதுக்குள்ள எவனோ ஒரு வாலு என் சட்டை மேலயே மஞ்சள் பனியனை மாட்டி விட்டுட்டான். எல்லாரும் கை தட்டறாங்க. சென்டர் சார் ஓடி வந்து "மேடம், மேடம்"ங்கறார். மேடமாவது ஒண்ணாவது!

சரி, இப்ப எடுங்க. வாய் மூடிட்டேன்... ம்... என்ன, கண்ணாடியைக் கழட்டணுமா? இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? கழட்டினா எனக்கு நீங்களே தெரிய மாட்டீங்க. யாரோ ஒரு வெள்ளைச் சட்டை நிக்கற மாதிரி இருக்கு. கருப்பா? பாருங்க, அதுகூடத் தெரியல.

அந்த விளையாட்டு முடிஞ்சதும் எல்லாரும் ஓன்னு கத்திக்கிட்டு எகிறிக் குதிச்சாங்க, நானும் குதிச்சேன். அப்ப எவனோ எடுத்த படம்தான் தம்பி அது. இந்தாங்க, போன்ல இருக்கு, பாருங்க. நடுவுல அந்தரத்துல ஒரு உருவம் இருக்கா? ஒரு கால்ல செருப்பு இல்லாம? கண்ணுல கட்டு, வாய் இந்த அளவுக்குத் திறந்து, உள்நாக்கு வரைக்கும் தெரியுதா? நான்தான்.

அந்தப் படம் நேரா பூதக்கண்ணாடிகிட்ட போயிடுச்சு. அவர் என்ன பண்ணினார்? மஞ்சள் பனியனை எண்ணினார். ஒன்பது! அனுமதி குடுத்தது எட்டுப் பேருக்கு, ஒன்பதாவது யாருன்னு கேட்டு, பதில் வர்ற வரைக்கும் பிள்ளைங்க பயணத்தை நிறுத்தி வைன்னுட்டார். கண்ணைக் கட்டியிருக்கேனா, நான்னு அவருக்குத் தெரியல. சென்டர் சார் போன்ல அழாத குறை. பிள்ளைங்க பாதி மூட்டை கட்டியாச்சு. எனக்கு வந்துதே ஆத்திரம்! அந்தப் படத்தை எந்தப் புண்ணியவான் மேல அனுப்பினது, ஆங்? வேற படமே கிடைக்கலையா? வரிசையா நின்னு பல்லைக் காட்டற படம் எத்தனை இருந்துச்சு! அறிவு வேண்டாம்?

யாருன்னா கேக்கறீங்க?

அதை விடுங்க. நேராப் போனேன் பூதக்கண்ணாடி ரூமுக்கு. "சார், ஒன்பதாவது ஆள் நான்தான்"னேன். மனுஷன் படத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், திரும்பப் படத்தைப் பார்க்கிறார். வாயைத் திறந்து காட்டினேன், அப்பத்தான் நம்பினார். சிரிக்கல. அவர் சிரிச்சு யாரும் பார்த்ததில்ல. "விளையாடினவங்க எல்லாம் பங்கேற்பாளர்தானேம்மா"ங்கறார். ஆமாங்கறேன். "முதல் பாதியில இருந்தவங்கதான் ரெண்டாம் பாதிக்குப் போகணும், ஆள் கூடவும் கூடாது குறையவும் கூடாதுன்னு விதி இருக்கா இல்லையா?" இருக்குங்கறேன். "அதை ஊர் பூரா போய் யார் சொல்றது?" நான்தான் சொல்றேன் தம்பி! நாக்கு தேயற அளவுக்கு சொல்லியிருக்கேன். ஆளை மாத்தட்டுமா மேடம், ஒருத்தரைச் சேர்க்கட்டுமா மேடம்னு எத்தனை சென்டர்காரங்க கெஞ்சியிருப்பாங்க, வந்தவங்கதான் போகணும்னு ஒரே பிடியா நின்னவ நான். "அப்ப ஒன்பது பேரும் போனா விதி சரியா இருக்கும். எட்டுப் பேர் போனா விதி மீறல், பயணம் ரத்து"ன்னுட்டார். பிள்ளைங்க வயசுல என்னைச் சேர்க்க முடியாதே! அதுக்கும் வழி வச்சிருந்தார். குழுவோட பொறுப்பாளரா ரெண்டு பெரியவங்க போகலாமாம், சென்டர் சார் ஒருத்தர்தான் இருக்கார், இன்னொரு இடம் காலியாம்.

அதோட விட்டாரா? "போனீங்கன்னா அப்புறம் நீங்க கண்காணிப்புப் பிரிவுல இருக்க முடியாது. பார்க்கிற ஆளும் ஆடற ஆளும் ஒண்ணா இருக்கக் கூடாது. திரும்பி வந்ததும் தபால் பிரிவு. யோசிச்சுச் சொல்லுங்க"ன்னார். மனசுக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு தம்பி. பொய் சொல்லல. இத்தனை வருஷம் ஊர் ஊரா போய் நின்ன வேலை, எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதான். ஆனா யோசிக்க என்ன இருக்கு? எட்டு சூட்கேஸ் நிக்குதே. போறேன்னுட்டேன். அப்புறம் வீட்டுக்கு வர்ற வழியில தோணுச்சு, தபால் பிரிவுன்னா கவுன்டர்! நாள் பூரா ஆள் வரும், நாள் பூரா பேசலாம்! எனக்கு இதை முன்னாடியே குடுத்திருக்கக் கூடாதா!

என்ன, தொண்டையைக் கனைக்கறீங்க? விட மாட்டீங்களே... சரி. அந்தப் படத்தை மேல அனுப்பினது நான்தான். என் அறிக்கையோட ஒரு படம் வைக்கணும், அது வழக்கம். நூறு படம் வந்துச்சு. நானே உக்காந்து பொறுக்கி எடுத்து, இதை வச்சேன். எல்லாத்துலயும் நான் ஓரமா, பாதி தோள், பாதி காதுன்னு இருப்பேன். எத்தனை வருஷத்துப் படம் எடுத்துப் பாருங்க, நான் எங்கேயும் முழுசா இருக்க மாட்டேன். இதுல மட்டும்தான் நடுவுல இருக்கேன். அழகா இருக்கேனே தம்பி! கண்ணைக் கட்டியிருக்கே, யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சேன். பனியனை எண்ணுவார்னு கண்டேனா?

அந்தப் பொண்ணா? நல்லவேளை கேட்டீங்க. வெளியில ஏதோ குழந்தை அழற சத்தம் கேக்குது, படமெடுக்க யாரோ காத்திருக்காங்க போல, இருந்தாலும் இதைச் சொல்லிடறேன். அது என் கண்ணைக் கட்டிடுச்சா, நான் நடக்கறேன். அது வழியே சொல்லல. சத்தமே இல்ல. முதல் நாற்காலியில முட்டி இடிச்சுச்சு பாருங்க, உயிரே போச்சு. நான் கத்தக் கூடாதே! பேசினா தோத்துடுவோம். பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறேன். எனக்கு என்ன வழின்னு நானே யாரையாவது கேட்டிருப்பேன், வேற நாளா இருந்தா. அன்னிக்கு வாயைத் திறக்கல. இருட்டுல அப்பிடியே நின்னேன். எவ்ளோ நேரம் நின்னேனோ. அப்புறம் பின்னாடி ரொம்ப மெல்லிசா ஒரு சத்தம். "இடது பக்கம் ஆன்ட்டி..." அப்புறம் கொஞ்சம் பலமா, "இன்னும், இன்னும் இடது." கடைசியில பாருங்க, ஹாலே அதிர்ற மாதிரி, "ஆன்ட்டி, நேரா வாங்க! நேரா வாங்க!"ன்னு... அந்தக் குரல் தம்பி... நான் பேசாம நின்னேன், அது பேசிடுச்சு...

...

என்னது, பளிச்சுன்னு ஏதோ அடிச்சுதே! எடுத்துட்டீங்களா? சொல்லாமலேயா! காட்டுங்க, காட்டுங்க. கண்ணாடியைக் குடுங்க முதல்ல. அட! வாய் மூடியிருக்கு தம்பி! எங்க வீட்டுக்காரர் பார்த்தா கும்பிட்டுடுவார். என்ன? ஐயையோ, கண்ணும் மூடியிருக்கே! இதை வாங்க மாட்டாங்களா? ஆமா, எப்பிடி வாங்குவாங்க.

இல்ல, அழிக்காதீங்க. இதையும் ஒரு பிரதி போடுங்க, அது எனக்கு. இப்ப இன்னொண்ணு எடுங்க, மணி ஆச்சு. கண்ணு திறந்திருக்கணும், வாய் மூடியிருக்கணும், அவ்ளோதானே? இத்தனை வருஷமா அதைத்தானே வேலையா செஞ்சேன், இப்ப பாருங்க, சுத்தமா மறந்தே போச்சு!