பேழைக் கூடாரத்தின் கீழே

கூடாரம் அடிப்பதற்குக் காட்டு ஒலிவ முளையை மிஞ்சியது எதுவும் இல்லை சாமி. தேவதாரு நேராக இருக்கும், பார்க்க அழகு. ஆனால் ஈரம் பட்டால் வழுக்கிவிடும். ஒலிவக் கட்டை அடிக்க அடிக்க இறுகும். நான் போனபின் இதைச் சொல்ல ஆள் இருக்காது என்பதால் முதலில் சொல்லிவைத்தேன். சாகப்போகிறவன், மனதில் பாரம் ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். பாரம் என்று இல்லை. நடந்தது ஒன்று இருக்கிறது.

முப்பத்தொரு வருடம் மன்னர் மன்னரின் பாளையத்துக்கு முதல் முளை அடித்தவன் நான். போர் முடிந்து படை திரும்பும்போது, மழைக்காலத்துக்கு எங்கே தங்குவது என்று பார்க்கக் கொட்டாப்புளியோடு முதலில் போவது நான்தான். மண்ணைத் தட்டிக் காதைக் கொடுத்தால் போதும், பாறை எங்கே, சேறு எங்கே, பொந்து எங்கே என்று சொல்லிவிடுவேன். அந்த முளையைச் சுற்றி மறுநாள் நாற்பதாயிரம் பேர் இறங்குவார்கள். கோவேறு கழுதைகள் கணக்கில் அடங்காது. ராஜாவின் சிங்கங்கள் வேறு. மூன்று மாதம் கழித்துக் கிளம்பும்போது அந்தக் குன்றில் அடுப்பெரிக்க ஒரு சுள்ளி மிஞ்சாது. வெட்டுக்கிளியாவது ஒரே நாளில் பறந்துவிடும். இதில் என்னைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ராஜா எங்காவது தங்கித்தானே ஆகவேண்டும்?

என் அண்ணன் நெவாய், தெம்பரோக் குன்றில் எங்கள் அப்பா வீட்டில் இருந்தான். அப்பா இறந்த நாற்பதாம் நாள் விருந்துக்கு ஐந்து நாள் நடந்து போனேன். மாடு அடித்திருந்தான், தேன் மதுவுக்குக் குறைவில்லை. உறவெல்லாம் உள்ளே சாப்பாட்டுக் கூடையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் வாசற்படிக்கு வெளியே, யாரும் சேர்ந்து உண்ணாத பானை வனைகிறவர்களோடு இடம் போட்டிருந்தான்.

"என்னண்ணே, நான் உள்ள உக்காரக் கூடாதா?" என்றேன்.

"நீ கூடாரத்துல கெடக்குறவன்டா. கூரைக்குக் கீழ உக்காந்தா உனக்குச் சாப்பாடு எறங்குமா?" என்றவன் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "ஊரு ஊராப் போயி முளை அடிக்கிறான். ஒரு ஊருலயாவது வேர் விட்டுச்சான்னு கேளுங்க" என்றான்.

வீடே சிரித்தது. அண்ணி வலத்தா மட்டும் சிரிக்கவில்லை. இஞ்செரா அப்பத்தைக் கிழித்து அதில் கறியைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, தன் கையாலேயே என் வாயில் ஊட்டினாள். "அவரு குடிச்சிருக்காரு, மனசுல வச்சுக்காதீங்க கொழுந்தனாரே" என்றாள். நல்லவள். அதை நான் மறைக்கப்போவதில்லை.

மூன்று வருடம் போயிற்று. தாழ்நிலத்துச் சுல்தானை முறியடித்துவிட்டு ராஜா திரும்பினார். பாளைய அதிகாரி என்னிடம் இரண்டு இடம் சொன்னார். ஒன்று ஆற்றங்கரைப் புல்வெளி, குடியிருப்பே கிடையாது. மற்றது தெம்பரோ. ஆற்றங்கரை மண் இளகல் என்றேன். கொஞ்சம் இளகல்தான். நான் பொய் சொல்லவில்லை.

பாளையம் வருகிற ஊரில் தானியத்தை ஒளித்தால் வலது கை போகும் என்பது சட்டம். இருந்தாலும் விதைக்கென்று கொஞ்சம் எல்லோரும் புதைப்பார்கள். எங்கள் வீட்டுக் குழி எனக்குத் தெரியாததா? சின்ன வயதில் அப்பா அதை மூடியதும், அண்ணனும் நானும் மேலே குதித்துக் குதித்துத்தான் மண்ணைச் சமமாக்குவோம். ஆட்டுத்தொழுவத்துக்கு மேற்கே போய் ஒரு தட்டுத் தட்டினேன். காலிக் குழி ஒரு மாதிரி ஒலிக்கும், நிறைந்த குழி வேறு மாதிரி. நிறைந்திருந்தது.

அண்ணன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் அப்போதே அதிகாரியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். வெள்ளைத் துணி கட்டிய முளையை எடுத்து அங்கே அடித்தேன். வெள்ளைத் துணி என்றால், படையோடு வரும் ஆண்டவரின் பேழைக்கான கூடாரம். பேழை நிற்கும் மண்ணைக் குருமார் தவிர ஒருவரும் மிதிக்கக்கூடாது, தோண்டினால் தலை போகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அண்ணன் வேகமாக வந்தான். "தம்பி, ஒரு பத்தடி தள்ளிப் போடேன்டா."

"ஏன், இங்க என்ன இருக்கு?"

சொன்னால் கை போகும். "ஒண்ணுமில்ல. ஆடு கட்டுற எடம். அசுத்தம்."

"அதுக்கென்ன, இனிமே இங்க ஆடே இருக்காது. ஆமா, யாருகிட்ட டா போட்டுப் பேசுற?"

அவன் தோளில் கிடந்த துணியை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டான். "பத்தடி தள்ளிப் போடுங்கய்யா. பொண்ணு சின்னதுங்கய்யா."

அவன் மகள் சென்பத்துக்கு அப்போது ஆறு வயது. ஓய்வுநாளில் பிறந்ததால் அந்தப் பெயர். குருமார் வரும் நேரமாகிவிட்டது, இனி நகர்த்த முடியாது என்று சொன்னேன். அவர்கள் வந்தது மாலையில்தான்.

மூன்று மாதம் பாளையம் அங்கே இருந்தது. முதல் வாரம் ஆடுகள் போயின, பிறகு உழவு மாடுகள். விறகுக்காகக் கூரைக் கட்டைகளை உருவினார்கள். குழிகளைத் தேடி வீரர்கள் ஈட்டிக் காம்பால் ஊரையெல்லாம் குத்திப் பார்த்தார்கள். மற்ற வீட்டு விதையெல்லாம் அகப்பட்டது. அண்ணன் வீட்டு விதைக்குத்தான் ஆபத்தில்லை. ஆண்டவரே அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அதைவிடப் பெரிய காவலை எந்தத் தம்பி செய்துகொடுத்தான்? ஒவ்வொரு காலையும் அவர்கள் மூவரும் எல்லைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, கூடாரத்தைப் பார்த்து நெற்றி தரையில் படக் கும்பிட்டார்கள். அந்தப் பக்தியைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. என் இஞ்செராவில் பாதியைச் சென்பத்துக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு முறை.

ஊர்க்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாக வெளியேறினார்கள். அடுத்த சீமையில் பிச்சை எடுத்து முக்கால்வாசிப் பேர் பிழைத்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அண்ணன் போகவில்லை. பாளையம் கிளம்பியதும் குழியைத் திறந்துவிடலாம் என்று காத்திருந்தான். விதை இல்லாதவன் போய்விட்டான், விதை இருந்தவன் தங்கிவிட்டான்.

கிளம்பும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. பேழையைத் தூக்கியபின் மூத்த குரு முளைக்காரனைக் கூப்பிட்டு, அந்த மண்ணில் யாருக்காவது பாத்தியம் உண்டா என்று கேட்பார். உண்டு என்றால் புனித நீர் தெளித்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இல்லை என்றால் சுற்றிலும் கல் அடுக்கி, என்றைக்கும் ஆண்டவருக்கு என்று விட்டுவிடுவார்கள்.

"எந்திரியாஸ், இந்த மண்ணுல யாருக்காச்சும் பாத்தியம் இருக்காப்பா?" என்று குரு கேட்டார்.

அண்ணன் நாலடி தூரத்தில் நின்றான். கையில் மண் தோண்டும் கோல் இருந்தது. அண்ணி கூடை வைத்திருந்தாள். சென்பத் அவள் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்ல சாமி" என்றேன்.

அவன் வாய் திறக்கவில்லை. பாத்தியம் கேட்டால், அதில் என்ன வைத்திருந்தாய் என்று கேட்பார்கள் அல்லவா? வீரர்கள் கல் அடுக்கினார்கள். அண்ணி மட்டும் என்னைப் பார்த்து, "கொழுந்தனாரே" என்றாள்.

காவலுக்கு ஆள் போடவில்லை. தேவையில்லை என்று எனக்குத் தெரியும். அண்ணன் வாயாடியே தவிர, தெய்வ பயம் உள்ளவன். யார் பார்க்காவிட்டாலும் அந்தக் கல்லைத் தாண்டமாட்டான். தாண்டவும் இல்லை. அந்த வழியாகப் போன கழுதைக்காரன் ஒருவன் சொன்னான். நடந்து போகத் தெம்பில்லாமல், பட்டினியில் முதலில் குழந்தை, பிறகு அண்ணி. அண்ணன் கடைசி. கல்லுக்கு வெளியே மூவரும் வரிசையாகக் கிடந்தார்களாம். நான் அவர்கள் சொத்தில் ஒரு மணியைத் தொட்டதில்லை சாமி. யார்மீதும் கை வைத்ததில்லை. அதனால்தான் பாரம் இல்லை என்றேன்.

இப்போது அந்த இடம் பெரிய தலமாகிவிட்டது. காய்ச்சலுக்கு அந்த மண்ணைக் கரைத்துக் குடிக்கிறார்களாம். புனித இடத்தைக் கண்டுபிடித்தவன் என்று என்னையும் நாலு பேர் சொல்கிறார்கள். எனவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். என்னை அந்தக் கல்லுக்கு உள்ளேயே அடக்கம் செய்ய உத்தரவு கொடுங்கள். தோண்டுகிறவர்களுக்குச் சிரமம் இராது. குழி தயாராகவே இருக்கிறது. உள்ளே கிடப்பதை அள்ளி வெளியே கொட்டிவிட்டால் போதும்.