கொம்பு கீழே பார்த்த பிறை

தலைமைக் கதிரையை அணிசெய்யும் அதிபர் றிஸ்வி அவர்களே! அறிவால் உயர்ந்த ஆலிம்களே, அனுபவத்தால் உயர்ந்த பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் ஏந்தி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் இருக்கும், ஹபீல் நானாவின் மனைவி மஸீனா ராத்தாவே! அனைவருக்கும் என் ஸலாம்.

சென்ற வருடம் மவுத்தாகி மறைந்த ஹபீல் நானாவைப் புகழ்ந்து பேச என்னை அழைத்தீர்கள். புகழும் தகுதி எனக்கில்லை. நான் குற்றம் சொல்ல வந்தேன். என் குற்றத்தைச் சொல்ல வந்தேன்.

கண்டிக்கு மேலே, மேகம் மேயும் மலையுச்சியில், நூறாண்டு கடந்து நிற்கும் வானாய்வுக்கூடத்தை அறிவீர்கள். அங்கே ஹபீல் காவலாளியாகச் சேர்ந்து ஒரு வாரம். ரமழான் இருபத்தொன்பதாம் நோன்பு. சூரியன் மறைந்த மஃரிபு வேளை. மேகம் விலகிய ஒரு நொடியில், அங்குள்ள பெரிய தொலைநோக்கியில் பெருநாள் பிறையைக் கண்டார். கண்டவர் கல்லும் முள்ளும் பாராமல் ஓடிவந்து ஊர்ப் பிறைக் குழுவின் முன் நின்றார். அந்தக் குழுவின் தலைவன் யார்? நான்.

“கொம்பு எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

“ரெண்டும் கீழ பாத்து இரிந்திச்சி, ஹாஜியார்.”

“நம்மட நாட்டுப் பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். கீழ பாத்த கொம்ப ஆரு கண்ட?”

“வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணையா கண்டதத்தான் சொல்றேன்.”

சபை சிரித்தது. சாட்சியத்தை நான் மறுத்தேன். பெருநாளன்று ஊரையே நோன்பு நோற்க வைத்தேன். அன்று மாலை பிறை இரண்டாம் நாள் பிறையாய்த் தடித்து, உயர்ந்து நின்றது. பார்த்தோம். பார்த்தும் வாய் திறந்தோமா? ‘பிறைப் பொய்யன்’ என்ற பெயரை அவர் பன்னிரண்டு வருடம் சுமந்தார். கடைத்தெருவில் பிள்ளைகள் விரலால் கொம்பு காட்டினார்கள். பள்ளிவாசலில் கடைசி வரிசையிலேயே தொழுதார்.

பின்னாலிருந்து யாரோ, “பழைய கதய விடுங்க ஹாஜி” என்கிறார். விடவா? எப்படி விட?

சென்ற மாதம் மாணவர்களோடு அந்த மலைக்குப் போனேன். பகல் வேளை. அதே தொலைநோக்கியை நம் ஊர்ப்பக்கம் திருப்பித் தந்தார்கள். கண்ணை வைத்தேன். நம் பள்ளிவாசல் மினாரா தலைகீழாகத் தொங்கியது!

“இதுல எல்லாமே தலைகீழாத்தான் தெரியும் சேர்” என்றார் அங்கே பொறுப்பாயிருந்த சமந்தா.

மல்லாந்து கிடக்கும் பிறையும் அதில் கொம்பு கீழே பார்த்துத்தானே தெரிந்திருக்கும்! ஒரு மனிதனைப் பொய்யனாக்கும் முன் மலையேறிப் பார்த்தேனா? ஒரு முறை, ஒரேயொரு முறை பார்த்தேனா?

தலைவர் அவர்களே, குழுவின் பதிவில் ‘பொய்ச் சாட்சி’ என்று எழுதியது என் கை. இந்த மேடையிலேயே அதை வெட்டி, ‘ஹபீல் பிறை கண்டார்’ என்று எழுதிக் கையொப்பமிடுகிறேன். மஸீனா ராத்தா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. மன்னிக்க வேண்டியவர் மையவாடியில் அடங்கியிருக்கிறார்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, ஸலாம் சொல்லி இறங்குகிறேன். இனி யாராவது அவர் பிள்ளைகளைப் பிறைப் பொய்யனின் பிள்ளைகள் என்றால், அந்தப் பெயரை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து போடுங்கள். அது என்னுடையது.